அத்தைக்கு ஒரு கொல்லிமலைக் கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

நான் அனுப்பிய ஆகாய கங்கை படத்தைப் பார்த்துவிட்டு, "என்னையும் கூட்டிட்டுப் போவியாடா?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். கட்டாயம் கூட்டிப் போகிறேன். ஆனால் அந்த அருவிக்கு அல்ல.

மற்ற மலைகளில் முதலில் மூச்சு வாங்க ஏறுவோம், திரும்பும்போது சாவகாசமாக இறங்கி வரலாம். இங்கே எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அத்தனையும் கீழ்நோக்கி. போகும்போது ஒன்றும் தெரியாது, ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். முதலில் இரைச்சல் கேட்கும், அப்புறம் சாரல் முகத்தில் அடிக்கும், அதற்கும் பிறகுதான் அருவி கண்ணில் படும். மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் தண்ணீருக்கு அருகிலேயே நிற்க முடியவில்லை. சட்டை நனைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி ஏறும்போதுதான் விஷயம் புரிந்தது. படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், இருநூறில் விட்டுவிட்டேன். தொடை இரண்டும் தனியாக ஆடின. எனக்கே இந்தக் கதி என்றால், மாடிப்படி ஏறும்போதே முட்டியைப் பிடித்துக்கொள்ளும் உங்களை நினைத்துப் பாருங்கள். இதில் வேடிக்கை, படிகள் தொடங்கும் இடத்திலேயே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். மேலெல்லாம் ரோமம் மூடிய கிழங்கு, பார்த்தால் ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்கிறார்கள். வலி போனதா என்று கேட்காதீர்கள், மிளகுக் காரம் தொண்டைக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அருவியாக விழுவது ஐயாறு. அது மலையிறங்கிப் புளியஞ்சோலை வழியாகத்தான் போகிறது. கல்யாணமான புதிதில் மாமாவோடு புளியஞ்சோலையில் குளித்ததை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அது இதே தண்ணீர்தான் அத்தை. நான் படம் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நீங்கள் அதில் குளித்துவிட்டீர்கள்.

உங்களுக்குக் காட்ட நினைப்பது மலைப்பாதையை. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70! போன தடவை எனக்கு ஐம்பதுக்கு மேல் வயிறு புரட்டியது, அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கீழே நாமக்கல் வெயில். ஏற ஏறக் காற்று மாறும். மேலே போனால் மரமெல்லாம் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச்செடி, வீட்டுக்கு வீடு பலா. பார்வைக்குச் சீக்குப்பாறை போதும். அங்கே நின்றால் கீழே வயலும் ஊரும் விரித்துப்போட்ட மாதிரி தெரியும், நடையும் அதிகமில்லை.

மலைமேல் செம்மேட்டில், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகச் சங்கப் புலவர் வன்பரணர் பாடியது அந்த ஓரியைத்தான். புலவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நம் சித்தப்பா மீன்பிடித்த கதை மாதிரி. ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரிக்கு விழா எடுப்பார்கள். அப்போது வேண்டாம், பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

தை மாதம் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு போவோம். ஓர் இரவு தங்கலாம், குளிரும், சால்வை மறக்காதீர்கள். எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எனக்கு. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று இப்போதே கேட்பீர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன, எழுபது தடவை திரும்பப்போகிறது.

உங்கள் மருமகன்