கௌபாயும் சம்பளக்காரன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அந்தக் கால அமெரிக்காவில் மாடு மேய்த்த கௌபாய்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாடகை நூலகத்து காமிக்ஸில் வளர்ந்தவன், விடுவேனா? ஆனால் ‘யாருக்கும் கைகட்டி நிற்காதவர்கள்’ என்ற வரி உறுத்தியது. தொப்பி, துப்பாக்கி, குதிரை எல்லாம் வந்துவிட்டன. சம்பளத்தைத்தான் காணோம்.

அந்தக் குதிரையே பெரும்பாலும் பண்ணைக்காரருடையது. சேணம்தான் கௌபாயின் சொந்தம். 1867-க்குப் பிறகு டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு மாடு ஓட்டினார்களே, அதில் இரண்டாயிரம் உருப்படிக்கு மேல் உள்ள மந்தைக்கும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். விரட்டி ஓட்டினால் மாடு இளைத்து விலை போகாது என்பதால், நாளுக்குப் பத்துப் பதினைந்து மைல், மாதக்கணக்கில். புதுப் பையனை மந்தையின் வாலில் விடுவார்கள். நொண்டி மாட்டை அதட்டிக்கொண்டு, முன்னால் போகிற அத்தனை குளம்புகளும் கிளப்பும் புழுதியை அவன் தின்ன வேண்டும். மூக்கை மூடிய அந்தக் கழுத்துத் துணி இதற்குத்தான். சினிமா பார்த்த நாம் கொள்ளைக்காரன் அடையாளம் என்று நினைத்துக்கொண்டோம்! ராத்திரியிலும் முறை வைத்துக் காவல். மாடு மிரளாமல் இருக்க மெல்லப் பாடிக்கொண்டே மந்தையைச் சுற்றி வருவார்கள். இவ்வளவுக்கும் மாதம் 25 முதல் 40 டாலர்.

அப்புறம், கட்டுரைப் படங்களில் எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் அந்த வேலையில் நிறையப் பேர் இருந்தார்கள். தொழிலே மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான ‘வக்கேரோ’க்களிடம் கற்றதுதான். கௌபாய்களின் குதிரை, மாடு அடக்கும் போட்டிக்குப் பெயரான ரோடியோ என்பதே ஸ்பானியச் சொல்.

முக்கியமாக விட்டுப்போனது 1883 வேலைநிறுத்தம். முன்பெல்லாம் உரிமையாளரின் குறியைச் சூடு போடாத மாடு கண்ணில் பட்டால் கூலியாள் தன் குறியைப் போட்டுச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நாலு மாடு சேர்த்து நாளைக்குத் தானும் பண்ணை வைக்கலாம் என்ற ஆசை இருந்தது. வெளியூர் முதலீட்டுக் கம்பெனிகள் பண்ணைகளை வாங்கியதும் அதற்குத் தடை வந்தது. வடக்கு டெக்சாஸில் 24 கௌபாய்கள் கையெழுத்திட்டு, மாதம் 50 டாலர் கேட்டார்கள். நல்ல சமையல்காரருக்கும் அதே 50 என்று எழுதியிருந்தார்கள், அது எனக்குப் பிடித்தது. மாடுகளை வளைத்துச் சேர்க்கும் பருவமாகப் பார்த்து வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் அசையவில்லை. வேலை தேடி அலைந்தவர்கள் ஏராளம். வேலையை நிறுத்தியவர்களைக் கழித்துவிட்டு இவர்களைக் குதிரையில் ஏற்றினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் அடங்கிப்போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்