திரைக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சில வாரங்களாக நீ இரண்டு வரிச் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறாய். கேட்டால் வேலை அதிகம் என்கிறாய். வேலையில் நீ கெட்டிக்காரி, அதை நினைத்துப் பெருமைப்படாத நாளில்லை. ஆனாலும் பெற்றவர்களோடு ஐந்து நிமிடம் பேசவிடாத வேலை ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. இரவில் விளக்கை அணைக்காமல்தான் படுக்கிறாய் என்று மாப்பிள்ளை உன் தம்பியிடம் சொன்னாராம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. வேளைக்குத் தூங்கு என்று மட்டும் சொல்கிறேன்.

என் உடம்பைப் பற்றி உன் அம்மா சொன்னதில் பாதிதான் உண்மை. பரிசோதனை என்று போனவன் ஆறு நாள் இதயப் பிரிவில் படுத்திருந்தேன். அடைப்பை நீக்கிவிட்டார்கள், இனிக் கவலையில்லை. சொல்ல வந்தது நான்காம் நாள் இரவைப் பற்றி.

பக்கத்துக் கட்டிலில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அன்று மாலைதான் தன் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று அவருடைய மானிட்டரைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் சுற்றி வந்த செவிலியர் ஒருவர் சட்டென்று திரையை இழுத்துக் குரல் கொடுத்தார். சற்று நேரத்தில் திரைக்குள் ஒரு கூட்டமே நின்றது. திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை என்ன செய்யும்? ஒருவர் உரக்க எண்ணிக்கொண்டே நெஞ்சை அழுத்துகிறார், முப்பது வந்ததும் நிறுத்தி இரண்டு முறை காற்றைச் செலுத்துகிறார்கள், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சு அமுங்க வேண்டுமாம். களைத்தவர் கை தளர்ந்துவிடும் என்று 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்களாம். அதில் விலா எலும்பு முறிவதும் உண்டு என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது அன்றிரவே கேட்டுவிட்டது. மின்னதிர்ச்சி கொடுப்பதற்காக ‘எல்லோரும் விலகுங்கள்’ என்று இருமுறை சொன்னார்கள். திரைக்கு அடியில் காலணிகள் இடம் மாறுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் துடிப்பு ஏறி என் தலைமாட்டு மானிட்டர் கத்தத் தொடங்கியது. அவருக்குச் சேர வேண்டிய கவனத்தில் நான் பங்கு கேட்பதைப் போல வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒருவர் மணி என்ன என்பதை உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு இருந்தது. மீதி இருந்த நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இறந்தவரின் உறவினர்களை மருத்துவர் உட்காரவைத்துப் பேசுகிறார். பக்கத்துக் கட்டில்காரனிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை, கேட்டாலும் பிறருடைய விவரத்தைச் சொல்லக் கூடாது என்கிறார்கள். அந்த விதி நியாயமானதுதான். ஆனால் ‘நீங்கள் தூங்கினீர்களா’ என்று கேட்பதை எந்த விதி தடுக்கிறது?

இனி எழுதுவதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிரவு செவிலியர் வருவதற்குச் சற்று முன்னால் பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒரு இழுப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அழைப்பு மணியின் பொத்தான் என் கைக்கு அருகில்தான் கிடந்தது. வீடு திரும்பும் நாளில் ஒரு செவிலியரிடம் இதைக் கேட்டுவிட்டேன். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு அப்படி இழுப்பு வருவதுண்டு, அது மூச்சே ஆகாது, பலரும் அதைக் குறட்டை என்றே நினைத்துவிடுவார்கள் என்றார். கவனிக்க வேண்டியவர்கள் நாங்கள், நீங்கள் நோயாளி என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது உன் குரல்தான் என் காதில் ஒலித்தது.

உன் அறுவை சிகிச்சைக்கு மறுநாள் விடிவதற்கு முன் அழைத்தாயே. “அப்பா, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு... நான் மணி அடித்திருக்க வேண்டும்” என்று தொடங்கினாய். “கண்டதையும் நினைக்காதே, கண்ணை மூடித் தூங்கு” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். பயந்தது நான், அம்மா. உன் பெரியத்தை விஷயத்திலும் நான் இப்படித்தான் நடந்துகொண்டேன் என்பாள் உன் அம்மா. நெற்றியில் தையல் போட்டபோதுகூட அழாத பெண் என்று உன்னைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன், அன்று நீ அழுதது கேட்டும் கேளாதவனாக இருந்துவிட்டேன்.

விளக்கை எரியவிட்டே தூங்கு. இப்போது நானும் அப்படித்தான். உறக்கம் இன்னும் பிடிக்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல், வெட்கப்படாதே. வேளைக்குத் தூங்கு. முடியாதபோது, எந்த நேரமானாலும் என்னை அழை. கைபேசி தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது, இந்த முறை குறுக்கே பேச மாட்டேன். அந்த அம்மாள் பிழைத்தாரா என்றுகூட நான் இன்றுவரை உன்னிடம் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா