ஒரு சொல்லை அடித்துத் திருத்திய கல்லூரிக்கு

அண்ணா பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழுவினருக்கும் கல்விக்குழுவினருக்கும் வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில், உங்கள் இணைப்புப் பெற்ற கல்லூரியில் கணினித் துறையில் பாடம் நடத்துகிறவள் நான். கணினிப் பாடத் தேர்வுகளில் தமிழிலும் விடை எழுத அனுமதிக்க வேண்டும் என்ற ஒரு வேண்டுகோளுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு, தரவுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளைப் பற்றிய பாடம். ரிகர்ஷன் நடத்திக்கொண்டிருந்தேன், அதாவது ஒரு கணக்கைத் தீர்க்க நிரல் அதைவிடச் சிறிய கணக்கோடு தன்னையே மீண்டும் அழைப்பது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு பெண் எழுந்தாள். "மேம், ரேஷன் கடை வரிசையில கடைசியா நிக்கிறேன். எனக்கு முன்னாடி எத்தனை பேர்னு தெரியல. முன்னாடி நிக்கிற அக்காகிட்ட கேக்குறேன். அவங்களுக்கும் தெரியல, அவங்களுக்கு முன்னாடி ஆளைக் கேக்குறாங்க. முதல் ஆளு 'எனக்கு முன்னாடி யாருமில்ல'ங்கிறாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா ஒண்ணு கூட்டிப் பின்னாடி சொல்லிட்டே வராங்க. இதானே மேம்?"

அதேதான். கேள்வி எங்கே நிற்கிறது, விடை எந்த வழியாகத் திரும்புகிறது, விடைக்காகக் காத்திருப்பவர்கள் கூடக்கூட, பாதியில் நிற்கும் அழைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் ஸ்டாக் ஏன் நிரம்புகிறது, எல்லாமே அந்த வரிசையில் இருந்தன. இரண்டு வாரம் கழித்து இன்டர்னல் தேர்வில் அதே கேள்வியைக் கேட்டேன், 13 மதிப்பெண்ணுக்கு. கைடில் மனப்பாடம் செய்த இரண்டு ஆங்கில வாக்கியங்களை எழுதி, மூன்றாவதைப் பாதியில் விட்டிருந்தாள். 3 மதிப்பெண் போட்டேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தாளில் அது இல்லை. அந்த விடைத்தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களிடம் கிண்டி பொறியியல் கல்லூரியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் என் வேண்டுகோள் அந்த வரலாற்றிலிருந்துதான் பிறக்கிறது. 1794-இல் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும் என்று, மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி, புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி அது. 1894-இல் இயந்திரவியல் வந்தது. 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. 1978-இல் கிண்டி, அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கும் சேர்ந்து பல்கலைக்கழகமாயின. இருநூறு ஆண்டைத் தாண்டிய கல்லூரி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் எனக்கு அந்தக் கல்லூரியின் மீது மரியாதை வந்தது அதன் வயதைக் கேட்டு அல்ல, 1940-இல் அது செய்ததைப் படித்தபோது.

அந்த ஆண்டு அங்கே மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் லலிதா. அவருக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மகளுக்கு இடம் கேட்டார். முதல்வர் கே.சி. சாக்கோ மறுக்கவில்லை. பின்னாலேயே லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடவியலில் சேர்ந்தார்கள். படித்து முடித்தபோது பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் திருத்திக் கொடுத்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் பணிகளில் பங்கேற்றார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

அந்தச் சான்றிதழை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். படிவத்துக்குப் பொருந்தாத மாணவி வந்தபோது, கல்லூரி படிவத்தைத் திருத்தியது. நீங்கள் நடத்தும் தேர்வும் ஒரு படிவம்தான்.

கணினிக்கும் தமிழுக்கும் நடுவே உங்கள் பல்கலைக்கழகம் செய்த வேலை சிறியதல்ல. வா.செ. குழந்தைசாமி நீர்வளப் பொறியாளர், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிஞர். 1981 முதல் துணைவேந்தராக இருந்து, தமிழில் அறிவியல் முடியும் என்று ஓயாமல் வாதாடினார். அடுத்து வந்த மு. ஆனந்தகிருஷ்ணன் கிண்டியிலேயே படித்தவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் அவர் முன்நின்றார். அந்த மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் இந்த மடலைத் தட்டச்சு செய்கிறேன்.

இப்போதைய பாடத்திட்டத்தில், முதலாம் ஆண்டுக்கு 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்றொரு பாடம் வைத்திருக்கிறீர்கள். அதில் கணித்தமிழும் இடம்பெறுகிறது. வரவேற்கிறேன். கணினிக்குள் தமிழ் எப்படி வந்தது என்று என் மாணவி படிக்கிறாள். ஆனால் கணினி எப்படி வேலை செய்கிறது என்று அவளால் தமிழில் எழுத முடியவில்லை.

2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கினீர்கள். கணினி அதில் இல்லை. 2023 மே மாதம், சேர்க்கை குறைவு என்று 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழியை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றீர்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் சேர்க்கை ஏன் குறைகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் பார்வையில் காரணம் தமிழ் அல்ல, தனி வகுப்பு. கவுன்சலிங்கில் உட்கார்ந்திருக்கும் அப்பா, பட்டத்தின்மேல் 'தமிழ்வழி' என்ற முத்திரை விழுந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். என் பிள்ளைக்கும் அப்படித்தான் பயந்திருப்பேன்.

அதனால் நான் தனி வகுப்பு கேட்கவில்லை. கணினித் துறைகளின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு வினாத்தாளை இரண்டு மொழியிலும் அச்சிடுங்கள். தமிழிலோ, ஆங்கிலத்திலோ, இரண்டையும் கலந்தோ விடை எழுத எல்லா மாணவர்களுக்கும் அனுமதி கொடுங்கள். வகுப்பு ஒன்றே, பட்டம் ஒன்றே, முத்திரை எதுவும் வேண்டாம். நிரலை எப்படியும் அதற்குரிய குறியீட்டில்தான் எழுதப் போகிறார்கள். விளக்கம் மட்டும்தான் அவரவர் மொழியில். மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது பாடம் புரிந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் பிடிபடும். பாடமும் புரியாமல் மொழியும் புரியாமல் அரியர் சேர்த்துக்கொண்டே போகிற பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும்.

கலைச்சொல் இல்லை என்பார்கள். ஸ்டாக்கை 'அடுக்கு' என்று எழுதட்டும், 'ஸ்டாக்' என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும், இரண்டுக்கும் மதிப்பெண் கொடுப்போம். சொல்லைப் பற்றிய சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனையோ செட் வெளியே போய்விடும். பாடநூல் இல்லை என்பதும் முன்போல் உண்மையில்லை: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவே தமிழில் பாடநூல்கள் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. திருத்துகிற ஆசிரியர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல வகுப்பில் பாதி நேரம் தமிழில் விளக்குகிறவர்கள்தான். தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழ் விடைத்தாள் கட்டுகள் போகாமல் பிரித்துக் கொடுப்பது முடியாத காரியமல்ல.

எங்கள் துறையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தின் ஐந்து யூனிட்டுக்கும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். ரிகர்ஷனுக்கு அந்த ரேஷன் கடை வரிசைதான் எடுத்துக்காட்டு. அவளிடம் கேட்டுத்தான் சேர்த்தோம். பல்கலைக்கழகம் கேட்டால் அப்படியே அனுப்பிவைக்கிறோம். யாருடைய பெயரும் அதில் வேண்டாம்.

அன்புடன்,
இணைப்புக் கல்லூரி ஆசிரியை ஒருத்தி