ஸ்கேன் அறையிலிருந்து பிசியோதெரபி பாய் வரை: எங்கள் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு. எட்டாம் மாதம், குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கத்தான் வந்தேன். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறைபோல ஒரு பட்டை தெரிந்ததும் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி பார்த்தீர்கள். மூளை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறதா என்று அளந்தீர்கள். ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் வைத்துக் குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்தீர்கள். அப்புறம்தான், “என்ன மாத்திரைம்மா சாப்பிடுறே?” என்றீர்கள். என் இதயத்தில் செயற்கை வால்வு, அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்றேன். அந்தப் பட்டை, குழந்தையின் தலைக்குள் கசிந்த ரத்தம்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் என் ஐ.என்.ஆர். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவரிடம் மல்லுக்கட்டினேன். கோபப்படாமல் விளக்கினீர்கள், மேடம். மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. அதன் கல்லீரல் இன்னும் முதிராததால் எனக்குச் சரியான அளவு அதற்கு அதிகம். சட்டென்று நிறுத்தினாலோ என் வால்வில் ரத்தம் உறையலாம். அதனால் குழந்தைக்குப் போகாத ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாற்றி வார்டிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டருக்குத் தனி நன்றி. “கசிவு பெரிதானால் வயிற்றிலேயே இறந்துபோகலாம். பிழைத்தாலும் வலிப்பு, வளர்ச்சித் தாமதம், தலையில் நீர் சேர்வது வரலாம். ஒரு குறையும் இல்லாமலும் வளரலாம். மூளைத் திசு இப்போது நன்றாகத் தெரிகிறது, அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது” என்றார். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ‘ஒண்ணும் ஆகாது’ என்றார்கள். எனக்குத் தூக்கம் வந்தது இந்தப் பதிலுக்குப் பிறகுதான்.

தலையில் அழுத்தம் விழக்கூடாதென்று சிசேரியன். பிறந்ததும் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா, உச்சிக்குழி வழியே ஸ்கேன். அந்தப் பிளாஸ்மாவைக் கொடுத்தவர் யாரென்றே தெரியாது. இந்த மடல் அவருக்கும்தான். பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர்களே, தலைச்சுற்றளவு எடுக்கும்போது டேப்பைப் புருவத்துக்கு மேலும் பின்மண்டைப் புடைப்பிலும் எப்படிப் பிடிப்பது என்று என் மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். அவர் இன்னும் வாராவாரம் அளந்து காலண்டரில் குறிக்கிறார்!

தலைக்குள் கசிந்திருந்த ரத்தம் வற்றிவிட்டது. வலிப்பு இல்லை. இடது கை மட்டும் கொஞ்சம் பின்தங்குகிறது. மூடிய விரல்கள் மெதுவாகத்தான் விரிகின்றன. வளர வளரத்தான் மற்றது தெரியும் என்கிறார்கள், சரி.

வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துப் பிசியோதெரபி அக்கா, அடுத்த புதன்கிழமை வருகிறோம். அந்தச் சிவப்புக் கண்ணாடி வளையல்களையே போட்டு வாருங்கள். அவற்றைப் பிடிக்கத்தான் அவள் இடது கையை நீட்டுகிறாள்.