மகனுக்கு: டினாமோ இரண்டாம் பிரிவில் ஆடிய பருவம் பற்றி

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன்னோடு கட்டட வேலையில் நிற்கும் ருமேனியர்களில் ஒருவர் ஸ்டெயாவாவின் பக்கமும் இன்னொருவர் டினாமோவின் பக்கமும் உன்னை இழுப்பதாகவும், புக்கரெஸ்ட்டில் இருக்கப்போகும் காலத்துக்கு எந்த உதைபந்தாட்டக் கழகத்தைப் பின்பற்றலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். முடிவை நீயே எடுத்துக்கொள். ஆனால் எடுப்பதற்கு முன், 2022–23 பருவத்தில் அந்த நாட்டு உதைபந்தாட்டத்தின் இரண்டாம் பிரிவான லீகா 2இல் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள். கழகம் என்பது அதன் பெயரா, அதன் உரிமையாளரா, அதற்காகக் காசு கொடுக்கும் சனமா என்று நம் ஊர்க் கழகத்துக் கூட்டங்களில் நாங்கள் விடிய விடியச் சண்டை பிடித்திருக்கிறோம். அந்தச் சண்டைக்கு அந்த ஒரு பருவத்திலேயே மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன.

முதலில் டினாமோ. 1948இல் உள்நாட்டு அமைச்சின் கழகமாகத் தொடங்கி, 18 தடவை தேசிய சம்பியனாகி, 1984இல் ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதியில் லிவர்பூலை எதிர்கொண்ட அணி அது. அத்தகைய அணி, 2022 மே மாத இறுதியில், இரண்டாம் பிரிவிலிருந்து மேலேற வந்த க்ளூஜ் பல்கலைக்கழக அணியிடம் தோற்று, தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தோல்வி ஆடுகளத்தில்தான் எழுதப்பட்டது என்றாலும், அதற்கான வேலை அலுவலக அறைகளில் முன்பே நடந்து முடிந்திருந்தது. 2020இல் ஸ்பெயினிலிருந்து வந்த முதலீட்டாளர்கள் பெரிய வாக்குறுதிகளோடு கழகத்தை எடுத்து, சில மாதங்களிலேயே கடனையும் சம்பளம் கிடைக்காத வீரர்களையும் விட்டுப் போய்விட்டார்கள். கழகம் நீதிமன்ற மேற்பார்வையிலான கடன்தீர்ப்பு நடைமுறைக்குள் போனது. அப்போது அதைத் தாங்கிப் பிடித்தவர்கள், டிடிபி என்ற எழுத்துகளால் அறியப்படும் ஆதரவாளர் சங்கத்தினர். மாதாமாதம் சந்தா கட்டிக் கழகத்தின் செலவுகளை ஈடுசெய்த அவர்களை நினைக்கும்போது, மழைக்காலத்தில் சைக்கிளில் வீடு வீடாகப் போய் நான் சந்தாக் கொப்பியை நீட்டிய நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். தொகை வேறு, வேலை ஒன்றே.

அப்போது லீகா 2 எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அந்தப் பருவத்தில் 20 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒரே ஒரு தடவைதான் ஆடியது. உன் மைதானத்திலா அவர்கள் மைதானத்திலா என்பது குலுக்கலில் உனக்கு விழுவதைப் பொறுத்தது, அதில் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 19 ஆட்டங்கள் முடிந்ததும் முதல் ஆறு அணிகள் பிரிக்கப்பட்டு, தமக்குள் இரண்டு தடவை, ஆக இன்னும் 10 ஆட்டங்கள் ஆடின. முதற்பிரிவில் இந்தக் கட்டத்தில் புள்ளிகளைப் பாதியாக்கிவிடுவார்கள். இரண்டாம் பிரிவில் அப்படிச் செய்வதில்லை, சேர்த்த புள்ளி முழுவதும் கூடவே வரும். கடைசியில் முதல் இரு அணிகள் நேரே மேலே போகும், அடுத்த இரு அணிகள் முதற்பிரிவின் வால் பக்கத்து அணிகளோடு ‘பராஜ்’ எனப்படும் மோதலில் ஆடும். பல ஆட்டங்கள் சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கே தொடங்கிவிடுவதால், கோடையில் இங்கே ஒன்றரை மணி, மத்தியானச் சோற்றை முடித்த கையோடு கைபேசியில் கோல் விவரம் பார்க்க எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது ஸ்டெயாவா. அந்த நண்பர் ஸ்டெயாவா என்று சொல்லும்போது, எந்த ஸ்டெயாவா என்று மெதுவாகக் கேட்டுப் பார். 1986இல் செவில் நகரத்தில், டுக்கடாம் நான்கு பெனால்டி உதைகளைத் தடுத்துப் பார்சலோனாவிடமிருந்து ஐரோப்பியக் கிண்ணத்தைப் பறித்த இராணுவக் கழகத்தின் பெயரும் சின்னமும் யாருக்கு உரியவை என்ற வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு அமைச்சின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் கைக்குப் போயிருந்த அணி 2017இல் எஃப்சிஎஸ்பி என்று பெயரை மாற்றிக்கொண்டு முதற்பிரிவில் தொடர்ந்தது. இராணுவமோ அதே ஆண்டில் தன் அணியை நான்காம் பிரிவில், ஆரம்பத்திலிருந்து கட்டத் தொடங்கியது. 2021இல் அந்த அணி லீகா 2க்கு வந்துவிட்டது; புக்கரெஸ்ட்டின் கென்சியாப் பகுதியில் முப்பத்தோராயிரம் பேர் இருக்கக்கூடிய புதிய மைதானமும் அதற்குக் கிடைத்தது. கிடைக்காதது மேலேறும் உரிமைதான். அரச பணத்தில் நடக்கும் கழகம் முதற்பிரிவில் ஆட அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. சட்டத்தைத் திருத்தும் பேச்சு அடிக்கடி எழுந்து அடங்கியது.

அதன் விளைவைப் பார். 2022–23இல் ஸ்டெயாவா இரண்டாம் இடத்தில் முடித்தது, அதற்குரிய பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பத்து ஆட்டங்களையும் அந்த வீரர்கள் தமக்கு எதுவும் வரப்போவதில்லை என்ற நிலையில் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வென்றதும் தோற்றதும் மற்ற ஐந்து அணிகளின் தலைவிதியைத் தீர்மானித்தன. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அணி தனியார் கழகங்களோடு முதற்பிரிவில் போட்டியிடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் மேலேறுவதற்கான சுற்றில் அதை ஏன் ஆட விடுகிறார்கள்? உன் நண்பரிடம் இதைக் கேட்டால் அவர் கோபப்படுவார், ஆனாலும் கேள்.

முதலிடம் யாஷ் நகரத்துப் பொலிடெக்னிகாவுக்குப் போனது. அவர்கள் நன்றாகவே ஆடினார்கள். ஸ்டெயாவாவுக்கு மறுக்கப்பட்ட இடம், மூன்றாவதாக வந்த கலாட்ஸ் நகரத்து ஒட்செலுலுக்குக் கிடைத்தது. டான்யூப் கரையில் இருக்கும் உருக்காலை ஊர் அது. 2011இல் தேசிய சம்பியனாகி, சம்பியன்ஸ் லீக்கில் மன்செஸ்டர் யுனைட்டடோடு மோதி, குழுவின் ஆறு ஆட்டங்களிலும் தோற்றாலும் தலை நிமிர்ந்து திரும்பிய அணி, ஐந்து ஆண்டுகளுக்குள் வங்குரோத்தாகி மறைந்தது. ஆதரவாளர்கள் தங்கள் சங்கத்தின் பெயரிலேயே அதை 2016இல் நான்காம் பிரிவில் திரும்பத் தொடங்கினார்கள். 2022இல் லீகா 2, 2023இல் முதற்பிரிவு. 2011இல் சம்பியனாக்கிய டோரினெல் முன்டியானுவே இந்தத் தடவையும் பயிற்றுவிப்பாளர். ருமேனியாவுக்காக 134 ஆட்டங்கள் ஆடிய மனிதர், கீழ்ப்பிரிவு அணியோடு நின்று வேலை செய்திருக்கிறார் என்பது என்னைக் கவர்ந்தது.

டினாமோ நான்காவதாக வந்து, பராஜில் பிடெஷ்டி நகரத்து ஆர்ஜெஷ் அணியை முதல் ஆட்டத்திலேயே 6–1 என்று நொருக்கி, ஒரே பருவத்தில் வீடு திரும்பியது.

என் மனம் கலாட்ஸ் பக்கம் சாய்கிறது என்பதை நீ ஊகித்திருப்பாய். அதற்காக நீ புக்கரெஸ்ட்டில் இருந்துகொண்டு அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்கள் அங்கே ஆட வரும் நாளில் ஒரு தடவை போய்ப் பார், போதும். டினாமோ ஆட்டத்துக்குப் போவதென்றால், 2000இல் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த அணித் தலைவர் கதலின் ஹில்டானின் பெயரைக் கொண்ட ஆதரவாளர் பகுதி இருக்கும். அந்தப் பகுதியில் முதல் நாளே போய் இருக்காதே, பக்கவாட்டில் இடம் எடு. கென்சியாவுக்கு டினாமோவின் சிவப்பு–வெள்ளைச் சால்வையோடு போகாதே.

இன்னொன்று. டினாமோக்கார நண்பர் டிடிபியில் உறுப்பினராக இருந்தால், மாதச் சந்தா எவ்வளவு, கணக்கை உறுப்பினருக்கு எப்போது காட்டுகிறார்கள் என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுது. பொருளாளர் வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

அன்புடன்,
அப்பா