வெண்ணிலாவின் புள்ளி எங்கே?

அன்புள்ள மங்கை,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வெண்ணிலாக் குழந்தையின் காதுகுத்துக்கு அறுபது துண்டில் எம்பிராய்டரி மெஷினில் பெயர் தைக்கிற ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு காய்ச்சலில் படுக்க உனக்கு ஏது நேரம்? ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்ற திட்டைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம். உன் மாதிரித் துண்டு நேற்று கூரியரில் வந்தது. மீதி 59-ஐத் தொடாதே. தொட்டிருந்தால் நிறுத்து.

மஞ்சள் தேங்காய்ப்பூத் துண்டு, கரும்பச்சை நூல், நிறம் அருமை. ஆனால் கையை நீட்டிப் பிடித்துப் படித்தால் ‘வெணணிலா’ என்று இருக்கிறது. புள்ளியை மெஷின் போட்டிருக்கிறது, விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. தேங்காய்ப்பூ அதை விழுங்கிவிட்டது. ண-வின் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு புளிக்கட்டி மாதிரி நிற்கிறது. நம் பள்ளித் தமிழய்யா பார்த்திருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார். அதுவும் உன்னை மட்டும், நம் வகுப்பு ராஜியை விட்டுவிடுவார்.

மெஷினைத் திட்டாதே, நூலை இறுக்கித் தளர்த்தும் டென்ஷன் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்காதே. துண்டைத் திருப்பிப் பார்த்தேன்: எழுத்தின் பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், அதாவது அடிநூல், இரண்டு ஓரமும் பச்சை. அப்படித்தான் இருக்க வேண்டும். கோளாறு துணியின் பிறப்பில் இருக்கிறது. நெடுக்காக ஓடும் பாவு நூலில் ஒரு பகுதியைத் தளர்வாக விட்டு நெய்வதால்தான் தேங்காய்ப்பூவின் நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், எழும்பி நிற்கின்றன. தையல் கண்ணிகளுக்கு நடுவே இறங்குகிறது, பக்கத்துக் கண்ணி மேலே எட்டிப் பார்க்கிறது. ஈரிழைத் துண்டில் இந்த வம்பே இல்லை. அதைத்தான் முதலில் தைத்துப் பழகு என்றேன், நீ கேட்டாயா?

முதல் வேலை, தைக்கிற இடத்துக்கு மேல் தண்ணீரில் கரையும் தாள் போடுவது. கடையில் வாட்டர் சால்யுபிள் என்று கேள். மங்கலான பிளாஸ்டிக் கவர் மாதிரி இருக்கும். இட்லி மாவுக் கவரைக் கிழித்துப் போட்டால் ஆகாதா என்று கேட்டிருந்தாயே, ஆகாது. பாலிதீன் எழுத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு துண்டு மொடமொடக்கும், இஸ்திரி வைத்தால் உருகும். கரையும் தாளை டிசைனைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டிப் போடு. தைத்தபின் தாளின் பெரிய பகுதிகளைக் கையால் கிழித்து எடு. சுழிக்குள் நிற்பதை ஊசியால் நோண்டாதே, சோப்பில்லாத வெறும் தண்ணீரில் அலசினால் போய்விடும். ஐப்பசி மழையில் சுருளைத் திறந்து வைத்தால் ஈரக் காற்றைக் குடித்துப் பிசுபிசுக்கும். ஜிப் கவரில் போட்டு மூடி வை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை, மங்கை. தாள் முதல் அலசலிலேயே போய்விடுகிறது. கொடுக்கிற அன்று எழுத்து பளிச்சென்று இருக்கும். நாலைந்து துவைப்புக்கு அப்புறம் கண்ணிகள் மெல்லத் தலை தூக்கும், முதலில் மறைவது புள்ளிதான். அதற்கு மருந்து நாக்டவுன் தையல். எழுத்துக்கு அடியில், துண்டின் நிறத்திலேயே, லேசான வலை மாதிரி ஓடுகிற தையல். வரிக்கு வரி 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி, 45 டிகிரியில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே இன்னொரு தடவை. எழுத்தின் ஓரத்தைத் தாண்டி 2-3 மி.மீ. போனால் போதும். முதலில் மஞ்சள் நூலில் வலை, பிறகு பச்சையில் பெயர். கண்ணிகள் வலைக்கு அடியில் நிரந்தரமாகப் படுத்துக்கொள்ளும், சுழிக்கு உள்ளேயும் சேர்த்து. மஞ்சளில் மஞ்சள், ஆகவே யார் கண்ணுக்கும் தெரியாது. தாளும் வேண்டும், வலையும் வேண்டும்.

அடுத்தது எழுத்து. மெஷினுக்கான டிசைன் ஃபைலை உனக்குப் போட்டுக் கொடுத்தவர் சட்டைப் பைக்குப் போடுகிற கணக்கில் போட்டிருக்கிறார். அளந்தேன்: ண-வின் உயரம் 8 மி.மீ., கோட்டின் தடிமன் 1 மி.மீ. இங்கிலீஷில் ஏ, பி, சி என்றால் இதில்கூட ஓரளவு தப்பிக்கலாம். தமிழில் சுழியும் புள்ளியும் கொம்பும் இருக்கிறதே! ண உயரம் 18 மி.மீ., கோடு 2 மி.மீ.க்குக் குறையாமல், சுழிக்குள் 2.5 மி.மீ. வெற்றிடம், புள்ளி 3 மி.மீ. விட்டத்தில், தலைக்கட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி. தையல் நெருக்கம் 0.4 மி.மீ. போதும். இன்னும் நெருக்கினால் எழுத்து எடுப்பாகும் என்று நினைக்காதே, பலகை மாதிரி விறைக்கும். எழுத்துக்கு அடியில் முதலில் ஓடுகிற தாங்குதையலான அண்டர்லேயைக் கட்டாயம் கேள். தைக்கும்போது நூல் துணியை உள்ளே இழுத்துக் கோட்டை ஒல்லியாக்கும், அதற்கு ஈடாகப் புல் காம்பன்சேஷன் 0.3 முதல் 0.4 மி.மீ. வைக்கச் சொல். இந்த அளவில் பெயர் 140 மி.மீ. பக்கம் நீளும். நல்லவேளை, உன் மெஷினுக்குத் துணியைப் பிடிக்கிற ஃபிரேம் 130-க்கு 180 மி.மீ. அளவில் உண்டு; 100-க்கு 100 மட்டும் இருந்திருந்தால் வெண் ஒரு வரி, ணிலா ஒரு வரி என்று பிள்ளையை வெட்டியிருப்பாய்.

ஃபிரேம் என்றதும் நினைவு வருகிறது. துண்டில் வட்டமூலைச் சதுரமாக ஒரு தழும்பு இருக்கிறதே, கண்ணியெல்லாம் நசுங்கி? துண்டையே ஃபிரேமில் திணித்துத் திருகியிருக்கிறாய். தடித் துணியைத் திணித்தால் தழும்பு ஒரு பக்கம், பாதித் தையலில் உள்வளையம் துள்ளி வெளியே வருவது இன்னொரு பக்கம். துணிக்கு அடியில் வைக்கிற பேக்கிங் (backing) பேப்பரை மட்டும் ஃபிரேமில் பூட்டு. கிழிக்கிற ரகம், 50-60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), இரண்டு தாள் குறுக்கும் நெடுக்குமாக. விரலால் தட்டினால் உறுமி மாதிரி சத்தம் வர வேண்டும். அதன்மேல் தற்காலிகப் பசை ஸ்ப்ரே லேசாக. ஸ்ப்ரேயை மெஷின் பக்கத்தில் அடிக்காதே, ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடி. நீளவாக்கில் மடித்து நடுக்கோடு பிடித்துத் துண்டை ஒட்டு, மேலே கரையும் தாள், பிறகு மெஷினிலேயே இருக்கிற பேஸ்டிங் சதுரத்தை ஓட்டு. நீளத் தையலாகச் சுற்றி ஒரு கட்டம் போட்டு மூன்றையும் பிடித்துக்கொள்ளும், கடைசியில் உருவிவிடலாம். பெயரின் அடி, கரையிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே இருக்கட்டும்.

தட்டையான கரையிலேயே தைத்தால் தாளும் வேண்டாம் வலையும் வேண்டாமே என்று கேட்பாய். கேள்வி சரிதான். ஆனால் துவைத்தால் கரைப்பட்டையும் துண்டின் உடம்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒரு துண்டில் 20 செ.மீ. குறித்துத் துவைத்துக் காயவைத்து அளந்து பார். 19 ஆகியிருந்தால் நூற்றுக்கு ஐந்து சுருக்கம். பாலியஸ்டர் நூல் சுருங்காது, துணி மட்டும் சுருங்கி எழுத்தைச் சுற்றி முகம் கோணும். சுருக்கம் அதிகமென்றால் புதுப்பொலிவு போனாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் அலசிவிட்டுத் தை.

மற்றவை சுருக்கமாக. ஊசி 11 நம்பர், துண்டு ரொம்பத் தடி என்றால் 14. பசை ஒட்டினால் துடை. நூல் 40-ஆம் நம்பர் பாலியஸ்டர். ரேயான் பளபளக்கும், பிளீச்சிங் பவுடரைக் கண்டதும் செத்துவிடும். பாபினிலும் மஞ்சள் சுற்று, துண்டுக்கு இரண்டு முகமாயிற்றே. ஆர்டர் கொடுத்த மாமி ஜரிகை கேட்டால் நான் வேண்டாமென்றேன் என்று சொல், முகம் துடைக்கிற சாமானில் ஜரிகை என்ன ஜரிகை! வேகம் நிமிஷத்துக்கு 500 தையலுக்கு மேல் வேண்டாம். ஃபிரேமுக்கு வெளியே நீளும் துண்டுப் பகுதியைச் சுருட்டி மேஜைமேல் வை. தொங்கினால் ஃபிரேமை இழுக்கும், புள்ளி எழுத்தை விட்டு நகரும். அடியில் மடிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கைவிட்டுப் பார். துண்டோடு துண்டைத் தைத்துவிட்டுப் பிரிப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கண்ணி ஏதாவது நீளமாக உருவிக்கொண்டால் இழுக்காதே, கத்தரித்து விடு.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அறுபதில் ஒன்று அந்தக் குழந்தைக்கே போகும் என்று எழுதியிருந்தாய். உன் மாதிரியின் பின்பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து தாவின நூல் நாலு இடத்தில் வெட்டாமல் தொங்குகிறது. கைக்குழந்தையின் விரலில் இப்படிப்பட்ட நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும், அழுகை எதற்கென்று யாருக்கும் சட்டென்று புரியாது. வளைமுனைக் கத்தரியால் முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக வெட்டு. ஒட்டின பேப்பரையும் தையலை விரலால் அழுத்திக்கொண்டு முழுதாகக் கிழித்து எடு. குழந்தையின் துண்டை மட்டும் கடைசியில் தை, அதற்குள் கை பழகியிருக்கும்.

நேரக் கணக்கு போட்டாயோ? பெயர் நாலாயிரம் தையல், வலை இரண்டாயிரம் என்று வைத்துக்கொள். 500 வேகத்தில் 12 நிமிஷம். ஃபிரேம் பூட்ட, நூல் மாற்ற, வெட்ட இன்னொரு 6. ஆக 59 துண்டுக்கு 18 மணி நேரம். காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரி உட்காரலாம் என்ற உன் பழைய தேர்வுக்கால வழக்கம் இங்கே செல்லாது.

புது ஃபைல் வந்ததும் ஒரு துண்டு தைத்து, பத்துத் தடவை துவைத்து, அதற்கப்புறம் எனக்கு அனுப்பு. துவைக்காமல் அனுப்பினால் பிரிக்கவே மாட்டேன். பழைய மாதிரியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. ராஜிக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
சுமதி

பி.கு.: புள்ளி 3 மி.மீ. என்று ஃபைல்காரரிடம் எழுதியே கொடு. வாயால் சொன்னால் 2 போடுவார்.