விடுதி வாடகை வெளிநாட்டு உதவி ஆகுமா? பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அபிவிருத்தி உதவியைக் காக்கும்படி தொகுதி மக்கள் எழுதும் மடல்களுக்கு உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும், உதவி குறையத்தான் வேண்டும் என்று. அடியில் பெயர் மட்டும் மாறுகிறது. 2027இல் உதவி, தேசிய வருமானத்தின் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3க்கு இறங்குவது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்பது வேறு: மிஞ்சும் அந்த 0.3இலும், புகலிடம் கேட்டோரை இங்கே தங்கவைக்கும் விடுதிகளின் வாடகையைக் கழிக்காதீர்கள்.

2023இல் உதவிக் கணக்கில் 430 கோடி பவுண், அகதிகளுக்கும் புகலிடம் கேட்டோருக்குமாக இந்த நாட்டுக்குள்ளேயே செலவானது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களைப் பராமரிப்பது அரசின் கடமை. எங்கள் சமூகத்திலேயே பலர் அப்படி வந்தவர்கள்தான். முதல் 12 மாதச் செலவை உதவியாகக் காட்ட, பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடியின் விதி இடம் தருகிறது, உண்மை. ஆஸ்திரேலியா அப்படிக் காட்டுவதில்லையே.

உதவியின் மொத்தத் தொகைக்கு எல்லை இருப்பதால், வாடகை ஏறினால் மற்றதெல்லாம் சுருங்கும். 2022 கோடையில், அத்தியாவசியமில்லை என்று சொல்லிப் புதிய உதவிச் செலவுகளை அரசு மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது இதனால்தான்.

அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏழை நாடொன்றில் பட்டினியால் மெலிந்த பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அளவுநாடா சிவப்பைக் காட்டும்: கடும் போஷாக்கின்மை. அந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை, பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின்கள் சேர்த்த பசை கொடுக்கப்படும். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஆறு முதல் எட்டுக் கிழமை, எடை பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெட்டியில் 150 பொட்டலம். ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி.

நாலாம் கிழமையில் பெட்டி வராவிட்டால் ஏறிய எடை இறங்கிவிடும். கையிருப்பு குறைந்தால் பங்கு பாதியாகும், அதையும் தம்பி தங்கையோடு பகிர வேண்டும். பிறகு பணத்தைத் திறந்துவிட்டாலும் ஓடர், கப்பல், லொறி என்று மாதங்கள் போகும். வீடு வீடாக நாடா பிடித்த தொண்டர்களும் படிப்பணம் நின்றதும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அளக்க ஆளில்லாத ஊரில் பிள்ளை கால் வீங்கி, பசியே இல்லாத நிலையில்தான் வந்து சேரும். அதற்குப் பொட்டலம் போதாது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் சிகிச்சைப் பாலும் வேண்டும்.

2021 ஜூலை 13 அன்று உதவியை 0.7இலிருந்து 0.5க்கு இறக்கியதை உறுதிசெய்த தீர்மானம் 333க்கு 298 என்று நிறைவேறியது. அன்று எதிர்த்துக் கை தூக்கிய தொழிற்கட்சிதான் இன்று ஆட்சியில் இருந்துகொண்டு 0.3 என்கிறது. நிதி நிலை இடம் தந்ததும் 0.7க்குத் திரும்புவோம் என்று 2024 தேர்தல் அறிக்கையிலும் எழுதியது. 0.3க்கான இந்தக் குறைப்பு ஏழைகளின் உணவையும் மருத்துவத்தையும் பறிக்கும் என்று எழுதிவிட்டுப் பதவி விலகியவரும் அபிவிருத்தி அமைச்சராக இருந்த உங்கள் அன்னலீஸ் டொட்ஸ்தான். அவருக்கும் அந்த ஒரே பதிலைத்தான் அனுப்பினீர்களோ?

மன்னியுங்கள், கோபம் எங்கோ இழுத்துப் போய்விட்டது. தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்: விடுதிச் செலவை உள்துறை தன் சொந்த நிதியிலிருந்து கட்டுமா என்று திறைசேரிக்கு எழுத்துமூலக் கேள்வி போடுங்கள். வரும் பதிலைத் தொகுதி மக்களுக்கு அப்படியே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் வாக்காளர்கள்